தீவாக வேடமிட்ட கண்ணிவாரி: ‘ஆபிரகாம் கிரைன்சன்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரில், மரக்கிளைகளால் தன்னை மூடிக்கொண்டு ஜப்பானிய விமானங்களின் கண்ணில் மண்ணைத் தூவிய டச்சுக் கப்பலைப் பற்றி அவ்வப்போது ஒரு துணுக்குச் செய்தி சுற்றிவரும். இலைதழை மூடிய கப்பலின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று, கீழே நான்கு வரி, அத்தோடு முடிந்துவிடும். அந்த நான்கு வரியைப் படித்தவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்லிப் பார்க்கலாம்.

இது உண்மையில் நடந்ததா?

நடந்தது. கப்பலின் பெயர் ‘ஆபிரகாம் கிரைன்சன்’. நெதர்லாந்துக் கடற்படையின் கண்ணிவாரிக் கப்பல். 1942 மார்ச்சில் ஜாவாவிலிருந்து தப்பி ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமான்டில் துறைமுகத்தை அடைந்தது. கப்பல் இன்றைக்கும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

கண்ணிவாரிக் கப்பல் என்றால் என்ன வேலை செய்யும்?

கடலில் பதித்த கண்ணிவெடிகளை அகற்றுவதுதான் வேலை. சொல்ல எளிது. அந்தக் காலத்துக் கண்ணிவெடி பெரும்பாலும் காற்றடைத்த இரும்பு உருண்டை. தானாக மேலே மிதந்து வரத் துடிக்கும். அடியில் ஒரு கனமான பாரமும் அதிலிருந்து வரும் கம்பிவடமும் அதை நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழேயே பிடித்து வைத்திருக்கும். உருண்டையின் மேல் கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கொம்புக்குள்ளும் அமிலம் நிரப்பிய ஒரு கண்ணாடிக் குப்பி. கப்பலின் அடிப்பகுதி கொம்பில் இடித்தால் மேலே இருக்கும் ஈய உறை நசுங்கும், குப்பி உடையும், அமிலம் வழிந்து உள்ளே இருக்கும் மின்கலத்தை உயிர்ப்பிக்கும், வெடி வெடிக்கும். கடலில் எத்தனை மாதம் கிடந்தாலும், கப்பல் வந்து இடிக்கும்வரை அந்த மின்கலம் வேலை செய்யத் தொடங்குவதே இல்லை. அதனால் தீர்ந்துபோகவும் வழியில்லை. யோசித்துப் பார்த்தால் கொடூரமான புத்திசாலித்தனம்.

இதை வாருவதற்குக் கண்ணிவாரி தன் பின்பக்கத்திலிருந்து நீண்ட எஃகுக் கம்பிவடத்தை இழுத்துச் செல்லும். வடத்தின் கடைசியில் ஒரு மிதவை. அதற்குக் கீழே தொங்கும் பலகை, நீரின் அழுத்தத்தால் வடத்தைக் கப்பலின் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலக்கித் தள்ளும். கப்பலுக்கு அருகே இன்னொரு பலகை வடத்தை வேண்டிய ஆழத்தில் அமுக்கிப் பிடிக்கும். இப்படிச் சாய்வாக விரிந்து வரும் வடத்தில் கண்ணிவெடியின் கம்பி மாட்டிக்கொண்டு வழுக்கியபடி போகும். வடத்தில் பொருத்திய வெட்டும் கருவியில் சிக்கி அறுந்துவிடும். உருண்டை மேலே வந்து மிதக்கும். பிறகு தூரத்தில் நின்றபடி துப்பாக்கியால் சுட்டு வெடிக்க வைப்பார்கள், அல்லது ஓட்டை போட்டு மூழ்கடிப்பார்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. வடம் வருவது கப்பலுக்குப் பின்னால்; கப்பல் போவது இன்னும் வாராத தண்ணீரில். பல கண்ணிவாரிகள் சேர்ந்து போனால் பின்னால் வருபவை முன்னால் போகும் கப்பல் வாரிய நீரில் போகலாம். முதலில் போகும் கப்பலுக்கு அந்தச் சலுகை இல்லை. அதன் ஒரே பாதுகாப்பு, நீரில் அதிகம் அமிழாமல் இருப்பது. பெரிய கப்பல்களைக் குறிவைத்துப் பதித்த கண்ணிக்கு மேலே தட்டையாக நழுவிப் போய்விட வேண்டும். அதனால்தான் இவ்வகைக் கப்பல்களைச் சிறியதாகவும், ஆழம் குறைந்ததாகவும் கட்டினார்கள்.

எவ்வளவு சிறியது?

நீளம் ஏறக்குறைய 56 மீட்டர், அகலம் 7.8 மீட்டர். நீரில் அமிழும் ஆழம் 2.2 மீட்டர் மட்டுமே. எடை 500 டன்னைச் சற்றுத் தாண்டும். வேகம் 15 நாட், அதாவது மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர். ஆயுதம் என்று பார்த்தால் 3 அங்குலப் பீரங்கி ஒன்று, 20 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புத் துப்பாக்கி இரண்டு, நீர்மூழ்கிகள் மேல் போட ஆழ்நீர்க் குண்டுகள். கப்பலில் 45 பேர்.

நெதர்லாந்தின் ஸ்கீடாம் நகரிலுள்ள கப்பல் கட்டும் தளத்தில் 1936-இல் கட்டத் தொடங்கி, அதே ஆண்டு செப்டம்பரில் நீரில் இறக்கி, 1937 மே மாதம் கடற்படையில் சேர்த்தார்கள்.

பெயருக்கு உரியவர் யார்?

17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, நெதர்லாந்தின் ஸீலாந்துப் பகுதிக் கடற்படைத் தளபதி. 1667-இல் தென்னமெரிக்காவின் சுரினாமை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றியவர். இந்த வகைக் கப்பல்கள் அனைத்துக்கும் பழைய மாலுமிகள், தளபதிகளின் பெயர்களையே வைத்தார்கள். குடும்பப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: ஆம்ஸ்டெல், பிட்டர், கிரைன்சன், டூபுவா. ரோமன் எழுத்துகளில் A, B, C, D என்ற முதல் நான்கு எழுத்துகளின் வரிசை. பெயர் சூட்டியது ஒழுங்கை விரும்பிய யாரோ ஒரு அதிகாரியாக இருக்க வேண்டும்! இந்த நான்கு கப்பல்களும் கிழக்கே வந்தன. நான்கின் கதியும் கீழே வருகிறது.

நெதர்லாந்துக் கப்பலுக்கு ஜாவாவில் என்ன வேலை?

இன்றைய இந்தோனேசியா அப்போது டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் என்ற பெயரில் நெதர்லாந்தின் குடியேற்ற நாடாக இருந்தது. நம் பழைய நூல்கள் சாவகம் என்று சொல்லும் ஜாவாவின் கிழக்கே இருக்கும் சுராபாயாதான் டச்சுக் கடற்படையின் முக்கியத் தளம். 1940 மே மாதமே தாய்நாடு ஜெர்மனியிடம் வீழ்ந்துவிட்டது. ஆகவே கிழக்கே இருந்த டச்சுக் கப்பல்களுக்குப் பின்னால் ஊர் என்று ஒன்று இல்லை. ஜப்பானுக்கு வேண்டியது இத்தீவுகளின் எண்ணெயும் ரப்பரும். 1941 டிசம்பரில் தொடங்கிய படையெடுப்பு மூன்றே மாதத்தில் ஜாவாவின் வாசலுக்கு வந்துவிட்டது.

1942 பிப்ரவரி இறுதியில் நிலைமை எவ்வளவு மோசம்?

மிக மோசம். பிப்ரவரி 27 அன்று ஜாவாக் கடல் சண்டை. நேச நாடுகளின் கூட்டுப் படையணியை நடத்திச் சென்ற டச்சுத் தளபதி கரெல் டோர்மன், தன் ‘டி ரூய்டர்’ என்ற குரூசர் வகைப் போர்க்கப்பலோடு கடலுக்குள் போனார். ‘ஜாவா’ என்ற குரூசரும் அதே இரவில் போனது. அடுத்த இரவில் சுந்தா நீரிணை வழியாகத் தப்ப முயன்ற ஆஸ்திரேலியாவின் ‘பெர்த்’, அமெரிக்காவின் ‘ஹூஸ்டன்’ ஆகிய போர்க்கப்பல்கள் இரண்டும் ஜப்பானியப் படையெடுப்பு அணியின் நடுவே போய்ச் சிக்கி மூழ்கின. மார்ச் 1 அன்று பிரிட்டனின் ‘எக்ஸிடர்’. மார்ச் 4 அன்று ஜாவாவுக்குத் தெற்கே ஆஸ்திரேலியாவின் ‘யாரா’. மார்ச் 5 அன்று தென்கரைத் துறைமுகமான சிலாசாப்பை, விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் தாக்கின.

இந்தப் பட்டியலில் உள்ளவை எல்லாம் ‘கிரைன்சனை’விடப் பெரிய, வேகமான, அதிக ஆயுதம் கொண்ட கப்பல்கள். மிதக்கும் நேச நாட்டுக் கப்பல்கள் எல்லாம் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, ‘எப்படி’ என்று உத்தரவில் சொல்லியிருக்க முடியாது.

வேகமாக ஓடியிருக்கக் கூடாதா?

சில கப்பல்கள் அப்படித் தப்பின. ஜாவாக் கடல் சண்டையில் மிஞ்சிய நான்கு அமெரிக்க நாசகாரிக் கப்பல்கள் பாலி நீரிணை வழியாக இரவோடு இரவாகப் பாய்ந்து ஆஸ்திரேலியா சேர்ந்தன. அவற்றின் வேகம் கண்ணிவாரியின் வேகத்தைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாது.

கணக்கைப் பாருங்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகே இரவு ஏறக்குறைய 12 மணி நேரம். 15 நாட் வேகத்தில் ஒரு நொடி நிற்காமல் ஓடினாலும் ஓர் இரவில் 180 கடல் மைல்தான். தீவுகளும் பாறைகளும் நிறைந்த நீரில், விளக்கை அணைத்துக்கொண்டு அந்த வேகத்தில் போவது தற்கொலை. விடியும்போது எப்படியும் எதிரி விமானங்கள் வட்டமிடும் எல்லைக்குள்தான் இருப்பார்கள். பகலில் ஓடினால் நிச்சயம் கண்ணில் படும்: கப்பலைவிட அது பின்னால் விட்டுச்செல்லும் வெள்ளை நுரைக் கோடுதான் மேலிருந்து முதலில் தெரியும், கூடவே புகைபோக்கியின் புகை வேறு. ஒரு பீரங்கியும் இரண்டு துப்பாக்கியும் கொண்டு குண்டுவீச்சு விமானக் கூட்டத்தோடு மல்லுக்கட்ட முடியாது.

ஓடவும் முடியாது, சண்டை போடவும் முடியாது. மிச்சம் இருந்தது பகலில் அசையாமல் கிடப்பது. அசையாமல் கிடக்கும் கப்பல் கப்பலாகத் தெரியாமல் இருக்க வேண்டும். தீவு வேடம் என்ற யோசனை அங்கிருந்துதான் வந்திருக்க முடியும்.

கப்பலை எப்படித் தீவாக்கினார்கள்?

கரையில் இறங்கி மரங்களையும் கிளைகளையும் வெட்டிக் கொண்டுவந்து மேல்தளம் முழுக்க அடுக்கினார்கள். பீரங்கி, மாலுமி மேடை, புகைபோக்கி, கொடிமரம் எல்லாவற்றையும் பச்சை மூடியது. இலைதழைக்குள் அடங்காமல் வெளியே தெரிந்த இரும்புப் பகுதிகளுக்குப் பாறையும் செங்குத்துக் கரையும் போலத் தெரியும்படி சாயம் பூசினார்கள்.

மறைக்க வேண்டியது நிறத்தைவிட முக்கியமாக வடிவத்தை. கப்பலை மேலிருந்து காட்டிக்கொடுப்பது அதன் நேர்கோடுகள்: கூர்மையான முன்முனை, இரண்டு பக்கமும் ஒரே சீரான வளைவு, நட்டுவைத்த கம்பம், அது தண்ணீரில் போடும் நிழல். இயற்கையில் அப்படி ஒரு ஒழுங்கு கிடையாது. கிளைகள் அந்தக் கோடுகளைத் தாறுமாறாக உடைத்துவிடும்.

ஆனால் வெட்டிய கிளை வெட்டிய கிளைதான். வெப்பமண்டல வெயிலில் வாடும், பழுப்பேறும். பச்சைக் கரையை ஒட்டிப் பழுப்பாக ஒரு தீவு நின்றால் யாருக்கும் சந்தேகம் வரும். எனவே வேடத்தைப் புதுப்பிக்காமல் ஓட்ட முடியாது. சில நாள் பயணத்தில் இது ஒரு முழுநேர வேலை. போர் வீரர்கள் தோட்டக்காரர்களானார்கள்.

வேடம் போட்டபின் பயணம் எப்படி?

பகலில் ஏதாவது ஒரு கரையை ஒட்டி நங்கூரம் பாய்ச்சி அசையாமல் நிற்பது, இருட்டியதும் நங்கூரம் தூக்கி ஓடுவது, விடியுமுன் அடுத்த கரையில் ஒண்டிக்கொள்வது. இதுதான் முழுத் திட்டம்.

இங்கேதான் அந்த 2.2 மீட்டர் கைகொடுத்தது. கண்ணிக்கு மேலே நழுவிப் போவதற்காகக் கொடுத்த தட்டையான உடல், பெரிய கப்பல் எதுவும் எட்டிப் பார்க்க முடியாத ஆழங்குறைந்த நீரில் கரையோடு கரையாக ஒட்டி நிற்க உதவியது. பரந்த கடலின் நடுவே தனியாக முளைத்த புதுத்தீவை வரைபடம் வைத்திருக்கும் எந்த விமானியும் நம்ப மாட்டார். ஆயிரக்கணக்கான தீவுகள் சிதறிக் கிடக்கும் பகுதியில், கரைக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு புதர்த் திட்டு என்றால் அதை எண்ணிப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

கப்பலின் தலைவர் அந்தோனி ஃபான் மீர்ட். அவர் தலைமையில் 45 பேர், இரும்புக் கூண்டுக்குள், இலைப் போர்வையின் கீழ், இயந்திர ஓட்டத்தின் காற்றுகூட இல்லாமல் பகல் முழுக்கக் காத்துக் கிடந்தார்கள். இந்தப் பயணத்தின் சாகசம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், என்னைக் கேட்டால், மரம் வெட்டியதைவிட இந்தச் சும்மா இருத்தலைத்தான் சொல்வேன். விமானச் சத்தம் கேட்கும்போது துப்பாக்கியில் கை வைக்காமல் இருப்பது எல்லோராலும் ஆகாது.

ஆஸ்திரேலியா வரை இப்படியே போனார்களா?

முடியாது. துணுக்குச் செய்திகள் இதை விழுங்கிவிடுகின்றன. தீவுக் கூட்டத்தைத் தாண்டித் தெற்கே இறங்கினால் இந்தியப் பெருங்கடல் திறந்து கிடக்கிறது. ஒண்டக் கரை கிடையாது. நடுக்கடலில் நகரும் காடு, சாதாரணக் கப்பலைவிட அதிகக் கவனத்தை ஈர்க்கும். ஆக, இலைகள் காப்பாற்றியது பயணத்தின் முதல் பகுதியை மட்டும். அதற்குப் பிறகு தூரமும் அதிர்ஷ்டமும்தான் துணை.

1942 மார்ச் 20 அன்று ‘கிரைன்சன்’ ஃப்ரீமான்டில் வந்து சேர்ந்தது. ஜாவாவிலிருந்து தப்பிய கடைசிக் கப்பல் என்று அதைச் சொல்கிறார்கள். அதற்குள் ஜாவாவில் டச்சுப் படைகள் சரணடைந்து பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

உடன் இருந்த மற்ற மூன்று கப்பல்கள்?

நான்கும் சேர்ந்து தப்புவதாகத்தான் முதலில் திட்டம். நடக்கவில்லை. ‘பீட்டர் டி பிட்டர்’, ‘ஈலாண்ட் டூபுவா’ இரண்டையும் எதிரி கையில் சிக்காமல் இருக்க அவற்றின் மாலுமிகளே மூழ்கடித்தார்கள். ‘யான் ஃபான் ஆம்ஸ்டெல்’ தப்பியோட முயன்று, மார்ச் 8 அன்று மதுரா நீரிணைப் பகுதியில் ஜப்பானிய நாசகாரி ‘அராஷியோ’வின் பீரங்கிகளுக்கு இரையானது. ஒரே அச்சில் வார்த்த நான்கு கப்பல்களில் பிழைத்தது ஒன்று. உருமறைப்பு எவ்வளவு உதவியது என்பதைச் சரியாக அளக்க வழியில்லை. ஆனால் இந்த நான்கில் ஒன்று என்ற கணக்கு யோசிக்க வைக்கிறது.

ஜப்பானியரை முட்டாளாக்கினார்கள் என்று சொல்லலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. அந்த வாரங்களில் ஜப்பானிய விமானிகள் பெரிய கப்பல்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கண்டும் பிடித்தார்கள், மேலே பட்டியலைப் பார்த்தீர்கள். தலைக்கு மேல் பறக்கும் விமானத்திலிருந்து, சில நொடிகளில், ஒரு கரையோரத்தைப் பார்த்து ‘அங்கே ஒன்றுமில்லை’ என்று முடிவெடுக்க வைத்தால் போதும். ‘கிரைன்சன்’ வாங்கியது அந்தச் சில நொடிகளைத்தான்.

தப்பிய பிறகு என்ன ஆனது?

இதைக் கேட்பவர்கள் குறைவு. எனக்கு இந்தப் பகுதிதான் அதிகம் பிடிக்கும்.

1942 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியக் கடற்படை அதைத் தன் சேவையில் சேர்த்துக்கொண்டது. வேலையும் மாறியது: கண்ணி வாருவதற்குப் பதிலாக, சரக்குக் கப்பல் அணிகளுக்கு நீர்மூழ்கிகளிடமிருந்து பாதுகாப்புக் கொடுக்கும் துணைக் கப்பல். தலைமை ஓர் ஆஸ்திரேலிய லெப்டினன்ட். மாலுமிகள் கலவையானவர்கள்: டச்சுக்காரர்கள், ஆஸ்திரேலியர்கள், இவர்களோடு பிரிட்டிஷ் நாசகாரி ‘ஜூபிடர்’ மூழ்கியபோது உயிர் பிழைத்தவர்கள்.

‘ஜூபிடர்’ எப்படி மூழ்கியது தெரியுமா? ஜாவாக் கடல் சண்டையின் இரவில், டச்சுக் கடற்படை அன்றைக்கே பதித்திருந்த கண்ணியில் மோதி. நண்பர்கள் வைத்த கண்ணியில் கப்பலைப் பறிகொடுத்தவர்கள், அதே நண்பர்களின் கண்ணிவாரியில் வேலைக்குச் சேர்ந்தார்கள். சாப்பாட்டு மேசையில் இதைப் பற்றி ஒரு கசப்பான நகைச்சுவையாவது எழாமல் இருந்திருக்குமா?

1943 மே 5 அன்று கப்பல் மீண்டும் டச்சுக் கொடிக்கே திரும்பியது. ஆனாலும் போரின் எஞ்சிய காலத்தில் பெரும்பகுதியை ஆஸ்திரேலியக் கடல்களிலேயே கழித்தது.

நீர்மூழ்கி எதையாவது மூழ்கடித்ததா?

அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. 1943 ஜனவரி 26 அன்று, பாஸ் நீரிணை வழியாகச் சிட்னி நோக்கிப் போன ஒரு கப்பல் அணிக்குக் காவலாகச் சென்றபோது, நீருக்கடியில் இருப்பதைத் தேடும் ஒலிக்கருவியில் நீர்மூழ்கி போல ஏதோ சிக்கியது. சரக்குக் கப்பல்களைக் கலைந்து போகச் சொல்லிவிட்டு, ‘கிரைன்சனும்’ ஆஸ்திரேலியாவின் ‘பண்டபெர்க்’ கப்பலும் ஆழ்நீர்க் குண்டுகளைப் போட்டன. சிதைவு எதுவும் மேலே வரவில்லை.

சேதம் வந்தது ‘கிரைன்சனுக்கு’த்தான். அவசரத்தில் தள்ளிவிட்ட இரண்டு குண்டுகள் அதைப் பதம் பார்த்துவிட்டன. ஆழ்நீர்க் குண்டைப் போட்டுவிட்டு அது வெடிப்பதற்குள் கப்பல் விலகி ஓடிவிட வேண்டும். மெதுவான கப்பலுக்கு அந்த அவகாசம் குறைவு. குழாய்களும் பொருத்துகளும் கழன்றன. கப்பலின் நடுக்கோட்டில் இருந்த அத்தனை ஆணிகளையும் மாற்ற ஒரு வாரம் உலர்துறையில் ஏற்ற வேண்டியதாயிற்று. ஜப்பானிய விமானப்படையால் ஒரு கீறல்கூடப் போட முடியாத கப்பலுக்கு அடி கொடுத்தது அதன் சொந்தக் குண்டு.

கடைசியில் கண்ணி வாரியதா இல்லையா?

வாரியது. 1945-இல் போர் முடியும் தறுவாயில் வடக்கே டார்வினுக்குப் போனது. திமோர் தீவிலிருந்த ஜப்பானியப் படை சரணடைய ஒப்புக்கொண்டபோது, அதை ஏற்க ஆஸ்திரேலியக் கப்பல்கள் குபாங் துறைமுகத்துக்குள் நுழைய வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் துறைமுக நீரைச் சுத்தம் செய்தது ‘கிரைன்சன்’. செப்டம்பர் 11 அன்று ‘மோர்ஸ்பி’ என்ற கப்பலின் தளத்தில் சரணாகதி கையெழுத்தானது. கட்டியது எந்த வேலைக்கோ அந்த வேலை. இதற்குப் படம் எடுத்துப் பரப்புவார் யாரும் இல்லை.

போருக்குப் பின்?

இதை மழுப்பக் கூடாது. இந்தோனேசியா விடுதலையை அறிவித்த பிறகு, டச்சு அரசு தன் பழைய ஆட்சியை மீட்கப் பார்த்த ஆண்டுகளில், இந்தக் கப்பலையும் புரட்சியாளர்களுக்கு எதிரான ரோந்துக்கு அனுப்பினார்கள். எந்த மரங்களின் கிளைகள் அதைக் காப்பாற்றினவோ அந்த மண்ணின் மக்களுக்கு எதிராக. 1951 ஆகஸ்டில் நெதர்லாந்து திரும்பியது. 1956-இல் துறைமுக வாயில்களில் தடுப்புவலை போடும் கப்பலாக மாற்றினார்கள். 1960-இல் கடற்படைப் பட்டியலிலிருந்து நீக்கி, கடல்சார் இளைஞர் படைக்குப் பயிற்சிக் கப்பலாகக் கொடுத்தார்கள். பத்தாண்டு தி ஹேக் நகரில், பிறகு ராட்டர்டாமில்.

இப்போது எங்கே பார்க்கலாம்?

நெதர்லாந்தின் வட ஹாலந்து மாகாணத்தின் வடமுனையில் உள்ள டென் ஹெல்டர் நகரின் கடற்படை அருங்காட்சியகத்தில். 1995-இல் பாதுகாக்க முடிவுசெய்து, போர்க்காலத் தோற்றத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதே இடத்தில் ‘டோனைன்’ என்ற நீர்மூழ்கிக் கப்பலும், ‘ஸ்கோர்பியூன்’ என்ற 19-ஆம் நூற்றாண்டு இரும்புக் கவசக் கப்பலும் இருக்கின்றன. கூட்டம் நீர்மூழ்கியைப் பார்க்கத்தான் அதிகம் போகும் என்று நினைக்கிறேன். நீங்கள் போனால் கண்ணிவாரியின் பின்தளத்துக்குப் போய், வடம் சுற்றும் உருளையைப் பாருங்கள்.